மட்டம் பார்த்தல்

தொப்பூர் கணவாயில் இறங்கிக்கொண்டிருந்தபோதுதான் எங்கள் மேசை உடைந்தது. தருமபுரியிலிருந்து சேலம் நோக்கிச் செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் அந்த இறக்கத்தைத் தென்னாட்டு லாரி ஓட்டுநர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. விபத்துகளால் பெயர் பெற்ற இடம். 2023 நவம்பரின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழை விட்டிருந்த பிற்பகல். முன்னால் சென்ற சுமைலாரி திடீரென்று நின்றது. எங்களில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர் பிரேக்கை மிதித்தார். வண்டி நின்றுவிட்டது; மேசை நிற்கவில்லை. சுவரில் அதைப் பிடித்திருந்த இரண்டு கீல்களும் தகரத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தன. ஒற்றைக் கால் மடங்கிச் சரிந்தது. பலகை வழுக்கிச் சென்று எதிர் இருக்கையின் சாய்மானத்தில் மோதி நின்றது. அந்த இருக்கையில் வழக்கமாக அமர்பவர் அன்று வரவில்லை. வந்திருந்தால் இந்தக் கட்டுரை வேறு தொனியில் எழுதப்பட்டிருக்கும்.

நாங்கள் நால்வர். ஒருவர் பள்ளி ஆசிரியர், ஒருவர் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர், ஒருவர் சிறிய அச்சகம் நடத்துபவர், ஒருவர் மருந்துக்கடைக்காரர். இருபது ஆண்டுகளாக மாதம் ஒரு முறை கூடிப் புத்தகங்களைப் பற்றிப் பேசிவந்தோம். பேசிப் பேசிச் சலித்தபோது, படித்ததை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனால் என்ன என்று ஒருவருக்குத் தோன்றியது. 2019-இல், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி ஓய்ந்த ஒரு பழைய வேனை நால்வருமாகப் பணம் போட்டு வாங்கினோம். பின்பாதியில் புத்தக அடுக்குகள். முன்பாதியில் எதிரெதிராக இரண்டு பெஞ்சுகள், நடுவே ஒரு மேசை. பகலில் அதில் பதிவேடு, தேநீர், பேச்சு. இரவில் மேசையைத் தாழ்த்திப் பெஞ்சுகளோடு சேர்த்தால் படுக்கை. ஒகேனக்கல் பக்கம், அரூர் பக்கம், பாலக்கோடு பக்கம் என்று மாதத்தில் இரண்டு வார இறுதிகள் அந்த வண்டியே எங்கள் வீடு.

மேசைப் பலகை ஒரு காலத்தில் கதவாக இருந்தது. அச்சக நண்பரின் பாட்டனார் வீட்டை இடித்தபோது கிடைத்த வேங்கைக் கதவு. ஒன்றேகால் அங்குலக் கனம். கடைசல் இல்லாத, முரட்டுத்தனமான, அழகான மரம். அதை வெட்டி மேசையாக்கியதில் எங்களுக்கு ஒரு பெருமிதம் இருந்தது. உடைந்த பிறகு பழைய இரும்புக் கடையில் நிறுத்துப் பார்த்தோம்: 22 கிலோ. ஓடுகிற வண்டியில், நான்கு பேரின் வயிற்றுக்கு நேராக, 22 கிலோவை எட்டு மரத்திருகாணிகளை நம்பித் தொங்கவிட்டிருக்கிறோம்.

*

வண்டியில் அமையும் மேசைக்கென்று ஒரு கணக்கு உண்டு என்பதை உடைந்த பிறகுதான் கற்றோம். வீட்டு மேசையின் அளவை அதில் உண்பவர்கள் தீர்மானிக்கிறார்கள். வண்டி மேசையின் அளவைத் தீர்மானிப்பது அதன்மேல் படுத்துறங்கும் உடம்பு. எங்கள் பெஞ்சு ஒவ்வொன்றின் அகலமும் 21 அங்குலம். இரண்டுக்கும் இடையிலான வெளி 30 அங்குலம். கூட்டினால் 72, அதாவது ஆறடி. மேசையின் அகலம் 30-க்கு ஒரு நூல் குறையலாம், கூடக் கூடாது. பெஞ்சுகளின் ஓரத்தில் ஒட்டிய சட்டங்களின்மேல் அது வந்து அமர்ந்தால்தான் முதுகு சமனாக இருக்கும். ரயிலில் பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கையில் இரண்டு இருக்கைகளை மடித்துச் சமனாக்கிப் படுத்தவர்களுக்கு, அந்த இணைப்பில் அரை அங்குல ஏற்றத்தாழ்வு இருந்தால் இரவு எப்படிக் கழியும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மேலைநாடுகளில் இந்த உத்தி பழையது. அமெரிக்காவின் ஏர்ஸ்ட்ரீம் நிறுவனம் 1936-இல் கொண்டுவந்த கிளிப்பர் என்னும் இழுவை வீட்டிலேயே உணவு மேசை படுக்கையாக மாறும். 1950-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் வெஸ்ட்பாலியா நிறுவனம் ஃபோக்ஸ்வாகன் வேன்களை வீடாக்கத் தொடங்கியது. டைனெட் என்று அவர்கள் அழைக்கும் அந்த மூலை விடுமுறைக்குக் கிளம்பும் ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்து உருவானது: தாய், தந்தை, இரண்டு பிள்ளைகள். நான்கு பேர். வண்டி புறப்பட்ட பிறகு ஐந்தாவது ஆள் வரப்போவதில்லை.

நம்மூரின் முன்னோடி வேறு. 1931 அக்டோபரில் மன்னார்குடிக்கு அருகே மேலவாசலில் ஒரு மாட்டுவண்டி நூலகம் புறப்பட்டது. கனகசபைப் பிள்ளை உருவாக்கிய அந்த வண்டியை எஸ்.ஆர்.ரங்கநாதன் தொடங்கிவைத்தார். நூலக அறிவியலின் ஐந்து விதிகளை அவர் நூலாக வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். எங்கள் வேனின் கதவுக்கு உட்புறம் அந்த ஆண்டை எழுதி ஒட்டியிருக்கிறோம். ஆனால் வண்டிக்குள் நாங்கள் பொருத்திய இருக்கை அமைப்பு மேலவாசலைச் சேர்ந்ததன்று, விடுமுறைக் குடும்பத்தைச் சேர்ந்தது. இதை நாங்களாகக் கண்டுகொள்ளவில்லை. ஒருவர் எங்களுக்குக் காட்டித்தந்தார்.

*

பாப்பாரப்பட்டிக்கு அருகே ஒரு சிற்றூர். அங்கே எங்களுக்கு ஒரு வாசகர் உண்டு. ரயில்வேயில் கேங்மேனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எழுபதைக் கடந்தவர். மாஸ்கோவிலிருந்து மலிவு விலையில் தமிழில் வந்துகொண்டிருந்த ருஷ்ய நாவல்களை ரயில்வே குடியிருப்பின் விளக்கடியில் படித்து வளர்ந்தவர். டால்ஸ்டாயின் ‘புத்துயிர்ப்பு’ நாவலை எங்களிடமிருந்து மூன்று முறை எடுத்துச் சென்றிருக்கிறார். புத்தகத்தைச் செய்தித்தாளில் பொதிந்து கொண்டுவந்து, பொதியை அவிழ்த்து, தாளை மடித்துத் தம் பையில் வைத்துக்கொண்டு, புத்தகத்தை மட்டும் நீட்டுவார்.

நீட்டுவது வண்டியின் படிக்கட்டுக்கு வெளியே நின்றுதான். “உள்ளே வாங்க ஐயா” என்போம். “இருக்கட்டும் சார், இங்கேயே காத்து நல்லா வருது” என்பார். தேநீரையும் நின்றபடியே குடிப்பார். நாங்கள் நால்வரும் மேசையைச் சுற்றி அமர்ந்திருப்போம். அவர் படியருகே நின்றபடி நெஹ்லூதவைப் பற்றிப் பேசுவார். அருமையான உரையாடல்கள். அவற்றில் சிலவற்றை எங்கள் மாதக் கூட்டத்தில் மேற்கோளாகச் சொல்லியிருக்கிறோம். இரண்டு ஆண்டுகள் இப்படிச் சென்றன. அவருக்குக் காற்று பிடிக்கும் என்றே நினைத்துக்கொண்டிருந்தோம்.

மேசை உடைந்த பிறகு வந்த முதல் பயணத்தில் பெஞ்சுகளுக்கு இடையே வெறும் தரை இருந்தது. பெஞ்சுகளையும் கழற்றி ஓரமாக்கிவிட்டுக் கோரைப்பாய் ஒன்றை விரித்திருந்தோம். பெரியவர் வந்தார். எட்டிப் பார்த்தார். செருப்பைக் கழற்றிப் படிக்குக் கீழே ஒழுங்காக வைத்தார். ஏறி வந்து பாயின் ஓரத்தில் சம்மணமிட்டு அமர்ந்தார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

மருந்துக்கடை நண்பருக்குப் பொறுமை குறைவு. “இத்தனை நாளும் கூப்பிட்டோமே ஐயா, இன்னிக்கு மட்டும் எப்படி?” என்று கேட்டேவிட்டார்.

பெரியவர் சற்று யோசித்தார். “பாய்னா எத்தனை பேரும் உக்காரலாம் சார். மேசைன்னா நாலு எடம். நாலுலயும் நீங்க இருந்தீங்க” என்றார்.

அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. எண்ணிக்கை மட்டுமே இருந்தது. “உள்ளே வாங்க” என்று எங்களில் எவரேனும் எழுந்து இடம்விட்டுச் சொன்னதுண்டா என்று அன்றிரவு யோசித்தோம். உட்கார்ந்தபடியேதான் சொல்லியிருக்கிறோம். இன்னொன்றும் அன்றிரவுதான் பேச்சுக்கு வந்தது. நாங்கள் நால்வரும் வெவ்வேறு சாதியினர். அதில் எங்களுக்கு ஓர் இரகசியப் பெருமை உண்டு. ஆனால் நால்வருமே ஊர்ப்பகுதியில் பிறந்தவர்கள். காலனி என்று சொல்லப்படும் பகுதியில் பிறந்தவர் எங்களில் ஒருவரும் இல்லை. அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக 2025-இல் தமிழக முதல்வர் அறிவித்தார். எங்கள் கூட்டத்திலிருந்து அந்த மனிதர்களை அறிவிப்பு எதுவும் இல்லாமலே நாங்கள் நீக்கிவைத்திருந்தோம்.

இந்த மாவட்டத்தில் இது சிறிய விஷயமன்று. 2012 நவம்பர் 7-ஆம் நாள், ஒரு காதல் திருமணத்தை முன்னிட்டு, நாயக்கன்கொட்டாய் பகுதியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று தலித் குடியிருப்புகளில் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. அப்போது நாங்கள் அறிக்கைகளில் கையெழுத்திட்டோம். ஒரு கூட்டம்கூட நடத்தினோம். அதன் பிறகு ஏழு ஆண்டுகள் கழித்து வண்டி வாங்கி, அதற்குள் நான்கு இடங்கள் மட்டும் கொண்ட ஒரு மேசையை மாட்டினோம்.

*

மேசையே வேண்டாம், பாயே போதும் என்று ஆசிரியர் நண்பர் வாதிட்டார். மேசை நம் பொருளே அன்று என்பது அவர் கட்சி. மேசை என்ற சொல்லே போர்த்துகீசியர் கொண்டுவந்தது. அலமாரியும் சாவியும் சன்னலும்கூட அவர்கள் வழி வந்தவையே. நாம் தரையில் இலை போட்டுப் பந்தியில் உண்டவர்கள் என்றார்.

வங்கி நண்பர் அதற்குச் சொன்ன பதில் எங்களை நிறுத்தியது. “பந்திக்கு முந்து என்று பழமொழி சொல்லத் தெரிகிறது. யார் முந்துவது என்று அதில் இல்லை. முதல் பந்தி யாருக்கு, கடைசிப் பந்தி யாருக்கு, எந்தத் திண்ணை யாருக்கு என்பதெல்லாம் தரையில் உண்ட காலத்தில்தானே வந்தது?” என்றார்.

அவர் சொன்னதற்குச் சான்று தேடி நாங்கள் வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. தமிழ்ச் சிறுகதையின் முன்னோடிகளில் ஒருவராக நாம் மதிக்கும் வ.வே.சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணச் சிறுவர் இருவருக்குத் தனியே உணவு பரிமாறப்பட்டது. அது வெளியே தெரிந்து, 1924, 1925 ஆண்டுகளில் தமிழ்நாட்டு அரசியலையே இரண்டாகப் பிளந்தது. தேசத்துக்காக ஆயுதம் ஏந்தத் துணிந்த மனிதரின் நிறுவனம் இரண்டு சிறுவர்களின் இலையில் இடறி விழுந்தது. 1925 ஜூனில் ஐயர் பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்ற முயன்று மறைந்தார்.

அடுத்த மாதம், 1925 ஜூலை 23 அன்று, பாப்பாரப்பட்டியில் இன்னொருவர் இறந்தார். சுப்பிரமணிய சிவா. 1908-இல் வ.உ.சி.யோடு கைதாகிச் சிறை சென்றவர். தொழுநோயைச் சிறை அவருக்குக் கொடுத்தது. விடுதலைக்குப் பின் அந்த நோயையே காரணம் காட்டி அவர் ரயிலில் ஏறக்கூடாதென்று அரசு தடுத்தது. அவர் நடந்தும் கட்டைவண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். பக்கத்தில் உட்காரவிட மாட்டோம் என்று ஒரு பேரரசே சொன்ன மனிதர் கடைசியாக வந்து தங்கிய ஊர் அது. அவர் நினைவிடத்தருகேதான் எங்கள் வண்டி மாதந்தோறும் நிற்கும். நாங்களும் வணங்கிவிட்டுத்தான் மேசை போடுவோம்.

பாயா மேசையா என்னும் வாதத்தைக் கடைசியில் முடித்துவைத்தவரும் பெரியவரே. அடுத்த மாதம் பாயிலிருந்து எழ முயன்றபோது அவர் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. இருவர் கைகொடுத்துத் தூக்க வேண்டியிருந்தது. நாற்பது ஆண்டுகள் தண்டவாளக் கற்களின்மேல் குனிந்து நிமிர்ந்த கால்கள். “மேசை செஞ்சுடுங்க சார். எடத்தை மட்டும் கொஞ்சம் பாத்துச் செய்யுங்க” என்றார் சிரித்துக்கொண்டே.

*

பென்னாகரம் சாலையில் பட்டறை வைத்திருக்கும் ஆசாரி ஒருவரிடம் போனோம். அறுபது வயதிருக்கும். வேங்கைப் பலகையைத் தடவிப் பார்த்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்: “மழைக்காலத்துல இது கீழ எறங்குச்சா?”

இறங்கவில்லைதான். ஒவ்வொரு ஐப்பசியிலும் மேசை பெஞ்சுகளுக்கு நடுவே இறுகிக்கொள்ளும். கால்மாட்டில் தள்ளி, கையால் குத்தி, கடைசியில் இருவர் வெளியே கோயில் திண்ணையில் படுத்துறங்குவோம். மரம் ஈரத்தைக் குடித்தால் நீளவாக்கில் அநேகமாக மாறாது, அகலவாக்கில்தான் விரியும் என்று அவர் விளக்கினார். எங்கள் பலகையின் அகலவாக்கு இரண்டு பெஞ்சுகளுக்கும் நடுவே, துல்லியமாக அளவெடுத்த வெளியில் இருந்தது. வெயிலில் சுருங்கி ஆடும். மழையில் விரிந்து சிக்கும்.

பிளைவுட்டில் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் ஓர் அடுக்கின் விரிவை அடுத்த அடுக்கு தடுத்துவிடும். ஐ.எஸ். 710 முத்திரையுள்ள பலகையை 72 மணிநேரம் கொதிநீரில் இட்டுச் சோதித்த பிறகே தரச் சான்று தருகிறார்கள். அதில் 18 மி.மீ. கனத்தில் மேசைப் பலகை செய்தால் பத்துக் கிலோவுக்குள் அடங்கும். ஓரங்களுக்கு மட்டும் பழைய வேங்கையிலிருந்து பட்டி அறுத்து ஒட்டலாம் என்றார். அச்சக நண்பரின் முகம் தெளிந்தது. பாட்டனார் வீட்டுக் கதவு யாரை உள்ளே விட்டது, யாரை வெளியே நிறுத்தியது என்பது அவருக்குத் தெரியும். அதை முழுதாக எறிந்துவிடவும் மனமில்லை, முழுதாக வைத்திருக்கவும் மனமில்லை.

கீல் கிழிந்ததற்கும் காரணம் சொன்னார். தகரத்தில் திருகாணியின் இரண்டு மூன்று புரிகளே பிடிக்கின்றன. வண்டியின் அதிர்வில் துளை நாளுக்கு நாள் பெரிதாகிறது. அன்று தொப்பூரில் நடந்தது கடைசி இழுப்பு மட்டுமே. கிழியத் தொடங்கி வெகுநாள் ஆகியிருக்கும். எனவே சுவரின் விட்டச் சட்டத்தோடு சேர்த்துத் துளையிட்டு, பின்னால் இரும்புத் தகடு வைத்து, போல்ட்டை ஊடுருவச் செலுத்தி, அதிர்வில் கழலாத நைலாக் நட்டு போட வேண்டும். மேசை அதில் கொக்கியால் மாட்டப்படும், வேண்டும்போது கழற்றலாம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, வண்டியின் அடிப்படை அமைப்பை அனுமதியின்றி மாற்றுவதைத் தடுக்கிறது. கழற்றி எடுக்கக்கூடிய மேசை அந்தக் கவலையையும் குறைத்தது. ஓடும் வண்டியில் மேசை தாழ்ந்தே கிடக்க வேண்டும் என்பதை எங்களுக்கு நாங்களே சட்டமாக்கிக்கொண்டோம்.

இடத்தைப் பற்றிச் சொன்னபோது அவருக்கு முதலில் விளங்கவில்லை. “நாலு பேருக்கு மேல உக்கார இந்த வண்டியில எடமில்லை” என்றார். பெரியவரின் கதையைச் சொன்னோம். ஒன்றும் பேசாமல் கேட்டார். எழுந்து வண்டியின் பின்கதவைத் திறந்தார். உலோக நாடாவால் தரையிலிருந்து வண்டியின் தளத்தை அளந்தார். 28 அங்குலம். பிறகு உள்ளே ஏறி மேசைக் காலுக்கு வேண்டிய உயரத்தை அளந்தார். 28 அங்குலம்.

“அதே கால்தான். அதே கொக்கிதான். பின்கதவு வாசல்ல ஒரு குழாய் வெச்சு மாட்டிட்டா மேசை வெளிய நிக்கும். வெளிய எத்தனை பேர் வேணா உக்காரட்டும்” என்றார்.

நான்கு ஆண்டுகளாக அந்த இரண்டு உயரங்களும் எங்கள் கண்முன் இருந்தன. அளந்து பார்க்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

*

வேலை பன்னிரண்டு நாள் நடந்தது. நாங்கள் மாறி மாறிப் பட்டறைக்குப் போனோம். ஒரு விஷயத்தை மட்டும் எல்லோருமே கவனித்தோம், எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆசாரி தமக்கென்று ஒரு பித்தளைக் குவளை வைத்திருந்தார். கடையிலிருந்து தேநீர் வாங்கி வந்தால் கண்ணாடி டம்ளரிலிருந்து அதற்கு மாற்றித்தான் குடிப்பார். எங்கள் வண்டியில் தண்ணீர் கொடுத்தால், “வேலை செய்யற எடத்துல குடிக்கறதில்லை” என்பார். அவர் தந்தை காலத்தில், கதவும் கட்டிலும் செய்து கொடுத்த வீடுகளில் வாசலுக்கு வெளியே வைத்துத்தான் சோறு போடுவார்களாம். அப்போது ஏற்பட்ட வைராக்கியம் என்று ஒரு நாள் சொன்னார். அது வைராக்கியம் மட்டும்தானா என்று நாங்கள் கேட்கவில்லை. பெரியவர் வந்து அமர்வதற்காக ஒரு மேசையை அவ்வளவு அக்கறையோடு இழைக்கிற கை, பெரியவர் தொட்ட குவளையைத் தொடுமா என்ற கேள்வியைத் தேநீரோடு விழுங்கிக்கொண்டோம். கேட்கத் துணிவில்லாமல் போனதை நாகரிகம் என்று எண்ணிக்கொண்டோம்.

தை மாதம் முதல் பயணம். பொருத்திப் பார்க்க ஆசாரியும் உடன் வந்தார். வழக்கமாக ஊர்க் கோயில் வேப்பமரத்தடியில் நிறுத்துவோம். அன்று, ஊருக்கும் காலனிக்கும் பாதை பிரிகிற முக்கில் நிறுத்தினோம். அதுவரை அங்கே நிறுத்தத் தோன்றாததற்கு எங்களிடம் ஒரு காரணமும் இல்லை. பின்கதவைத் திறந்தோம். மேசை வெளியே வந்து குழாயில் மாட்டிக்கொண்டது. இரண்டு கால்களும் மண்ணில் ஊன்றின.

மண் சமமாக இல்லை. ஆசாரி தம் பையிலிருந்து பித்தளைக் குவளையை எடுத்தார். விளிம்புவரை தண்ணீர் ஊற்றி மேசையின் நடுவே வைத்தார். குனிந்து, கண்ணை விளிம்புக்கு நேராக வைத்துப் பார்த்தார். தண்ணீர் எந்தப் பக்கம் விளிம்பைத் தொடுகிறது என்று பார்த்து, அந்தப் பக்கக் காலுக்கு அடியில் ஒரு சில்லு வைப்பதற்காக மேசைக்குக் கீழே உட்கார்ந்தார்.

அந்த நேரத்தில் பெரியவர் வந்தார். காலனியிலிருந்து பேத்தியையும் அழைத்து வந்திருந்தார். மேசையைச் சுற்றி வந்து பார்த்தார். பட்டியின் வேங்கை நிறத்தை விரலால் தடவினார். நாங்கள் நால்வரும் எழுந்து நின்றோம். எதற்கு எழுந்தோம் என்று புரிந்ததுபோல் புன்னகைத்து முக்காலியில் அமர்ந்தார். நடந்து வந்த களைப்பு. தமக்காக வைத்ததென்று நினைத்துக் குவளையை எடுத்து அண்ணாந்து குடித்தார். பாதியைப் பேத்தியிடம் கொடுத்தார். அவள் வாய்வைத்துக் குடித்தாள்.

ஆசாரி மேசைக்கு அடியிலிருந்து எழுந்தார். காலிக் குவளையைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். எங்களில் ஒருவருக்கும் பேச்சு எழவில்லை. ஊர்ப்பக்கத்து டீக்கடையிலிருந்து இரண்டு பேர் இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இன்னொரு தபா ஊத்துங்க. மட்டம் இன்னும் பாத்து முடியல” என்றார் ஆசாரி.

அச்சக நண்பர் ஊற்றினார். ஆசாரி மறுபடி குனிந்தார். இந்த முறை தண்ணீர் நாலாபுறமும் ஒரே அளவில் நின்றது. அன்று பிற்பகல் ஒன்பது பேர் அந்த மேசையைச் சுற்றி இருந்தோம். டீக்கடையிலிருந்து பார்த்த இருவரில் ஒருவர் வந்து சுஜாதா நாவல் இருக்கிறதா என்று கேட்டு, உட்காராமலே வாங்கிக்கொண்டு போனார். மற்றவர் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை.

இரவு ஆசாரியை அவர் வீட்டில் இறக்கிவிட்டோம். வண்டிக்குத் திரும்பி மேசையைத் தாழ்த்தினோம். ஒரு நூல் இடைவெளியோடு, ஓசையில்லாமல் இறங்கி அமர்ந்தது. அப்போதுதான் பின்கதவருகே அந்தக் குவளை இருப்பதைக் கண்டோம். விட்டுவிட்டுப் போயிருந்தார். மறந்து விட்டாரா, இனி தமக்கு ஆகாதென்று விட்டாரா, எங்களுக்கென்று விட்டாரா, தெரியவில்லை. மறுவாரம் மீதிக் கூலியைக் கொடுக்கப் போனபோது குவளையையும் எடுத்துச் சென்றோம். “அது அங்கேயே கிடக்கட்டும். ஒவ்வொரு ஊர்லயும் மண்ணு ஒவ்வொரு மாதிரி இருக்கும். மட்டம் பாக்க வேணுமில்ல” என்றார்.

அவர் கையில் கடைக் கண்ணாடி டம்ளர் இருந்தது. பக்கத்தில் வேறு பித்தளைக் குவளை ஏதும் இருக்கிறதா என்று எங்கள் கண்கள் தேடின. தேடியதற்காக வெட்கப்பட்டோம்.

குவளை இப்போது வண்டியில் இருக்கிறது. மேசை போடும் ஒவ்வொரு ஊரிலும் முதலில் அதில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றிப் பார்க்கிறோம். அநேகமாக எந்த ஊரிலும் முதல் முறையே மட்டம் சரியாக இருப்பதில்லை.